நான் சாத்திய கேட்டு

ஓரிடத்தில் நில் என்றால் நிற்பது எல்லாருக்கும் வரும் என்று நம்புகிறவர்கள், சின்ன வயதில் என்னைப் பார்த்ததில்லை. பிற்காலத்தில் என் கடைசி மகனைச் சோதித்த டாக்டரம்மா, "இது சேட்டை இல்லம்மா. கவனம் ஓரிடத்துல தங்காது, உடம்பும் சும்மா இருக்காது. சில பிள்ளைங்க அப்படித்தான்" என்றார். மலாக்காவில் பாயா ரும்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதற்குப் பெயர் 'பேய்க்காலு'. (மருந்து: அம்மாவின் விளக்குமாறு.)

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாதபடி, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. பொழுது சாய்ந்ததும் கேட்டைச் சாத்தினால் விடியும்வரை யாரும் வெளியேற முடியாது. அப்போதுதான் சரோஜா அக்காவைப் பெண் பார்க்க மலாக்கா டவுனிலிருந்து வந்திருந்தார்கள். அதற்கு முன் வந்தவர்கள் கம்பியைப் பார்த்தே திரும்பிப் போயிருந்தார்கள்.

"கேட்டுக்கிட்ட நில்லு. காவக்கார மாமா சங்கிலிய எடுத்ததும் ஓடியாந்து சொல்லு, சாத்துறதுக்குள்ள அவங்க கெளம்பணும். வேற எதையும் பாக்காத!" என்றார் அம்மா.

நின்றேன். ஓர் எறும்பு வரிசை போனது. கூடவே கொஞ்ச தூரம் நானும் போனேன். திரும்பியபோது மாமா தனியாகக் கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். அது கிறீச்சிட்ட சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"மாமா, நானும் தள்ளவா?"

"தள்ளுலா."

முழுப் பலத்தோடு தள்ளினேன். சங்கிலியைக்கூட நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பெருமையோடு வீட்டுக்கு ஓடி, எல்லார் முன்னாலும், "அம்மா, கேட்ட நான்தான் சாத்துனேன்!" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். "நாங்க என்ன கம்பிக்குள்ள குடித்தனம் பண்ணவா வந்தோம்?"

அப்பா ஓடிப்போய்க் கெஞ்சினார். "ஆர்டர்லா" என்று காவக்கார மாமா கையை விரித்துவிட்டார்.

பங்கீட்டு அரிசி அத்தனை பேருக்குக் காணாது. மரவள்ளிக்கிழங்கு அவிக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "தோலத்தானே உரிக்கணும்? கெழங்கையே காணோமே!"

அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நான் மட்டும் கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன், கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று.

விடிந்ததும், அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்த அவருடைய அம்மா, "கல்யாணத்த வர்ற தைலயே வச்சுக்கலாம்" என்றார். "ஆனா சின்னவள யாராச்சும் புடிச்சுக்குங்க."

இன்றும் அக்கா சண்டைக்கு வந்தால் அத்தான் என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நான் கெளம்பிருப்பேன்மா, நீதான் சாத்திட்ட" என்பார்.