வகுத்தலில் நூற்றுக்கு நூறு

"அனைத்து ஆசிரியர்களும் வாரந்தோறும் ஏழு இலவச இணையக் கருவிகளைத் தவறாது பயன்படுத்தி, அதற்கான புகைப்படத்தைப் பதிவேற்றி, மாணவச் செல்வங்களை ஒளிமயமான எதிர்காலத்துக்கு இட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று சுற்றறிக்கை வந்த திங்கட்கிழமைதான், செண்பகம் டீச்சர் ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தொடங்குவதாக இருந்தாள்.

ஆரம்பாக்கத்தைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய தொடக்கப் பள்ளி அது. வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பெருக்கல் வரைக்கும் எப்படியோ தேறிவிட்டார்கள். வகுத்தல் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். அப்புறம் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்பெனி கேட்டில் கான்ட்ராக்ட் வேலைக்கு வரிசையில் நிற்கும். பதினாறு வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் அவள். அரையாண்டுப் பரீட்சைக்குள் வகுத்தலைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றியே தீருவது என்று வைராக்கியமாக இருந்தாள்.

கருவிகள் முழுக்க இலவசம். போன் மட்டும் டீச்சருடையது, ரீசார்ஜும் டீச்சருடையது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். செண்பகமும் பார்க்கவில்லை. பள்ளியில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான சத்துணவுக் கூடத்தின் பின்சுவரோரம் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினாள்.

அங்கே கிடைத்தது ஆந்திர டவர். படத்தை வாங்கிக்கொண்ட செயலி அதைப் பார்த்துவிட்டு, வகுப்பு ஆந்திராவில் நடப்பதாகப் பதிந்துகொண்டது. மூன்றாம் நாள் மெமோ வந்தது: "தாங்கள் முன்னனுமதியின்றி அண்டை மாநிலத்தில் வகுப்பு நடத்தி வருவதற்கான காரணத்தை விளக்குக."

விசாரிக்க நேரிலேயே வந்தார் ராஜமாணிக்கம். இலவச இணையக் கருவிகள் பயன்பாட்டு வட்டார ஒருங்கிணைப்பாளர் என்பது அவருடைய பதவி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

"சார், நீங்களே இந்த ஸ்கூலுக்குள்ளதான நின்னுக்குனு இருக்கீங்க? இது தமிழ்நாடுதான?"

"நான் நிக்கிறது கெடக்கட்டும் டீச்சர். சிஸ்டத்துல இன்னா காட்டுது?"

"ஆந்திரான்னு காட்டுது."

"அப்ப நானும் பர்மிஷன் இல்லாம ஆந்திராவுலதான் நிக்கிறேன். என் வேலைக்கும் உலை வெச்சிடாதீங்க!"

பதறிப்போய் கேட்டுக்கு வெளியே பாய்ந்தார். மிச்ச விசாரணை ரோட்டில் நடந்தது.

"தமிழ்நாட்டு டவர் எங்க கெடைக்குது?"

"ரயில்வே கேட்டாண்ட சார். ஒன்ற கிலோமீட்டர்."

"அங்க இட்டுக்குனு போய் நடத்துங்க. நமக்குக் கருவி முக்கியமா, கட்டடம் முக்கியமா?"

மறுநாளிலிருந்து தினமும் கணக்குப் பாடவேளையில் முப்பத்தொரு பிள்ளைகளும் கைகோத்து ரயில்வே கேட்டுக்கு நடந்தார்கள். கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ணுவார்கள். படம் எடுத்து, அது மேலேறும்வரை வெயிலில் நின்று, திரும்பி வந்தால் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

"டீச்சர், வகுத்தல் எப்ப சொல்லித் தருவீங்க?" என்று பூமிகா தினமும் கேட்பாள்.

"நாளைக்குக் கண்டிப்பா" என்பாள் செண்பகம்.

அரையாண்டு நெருங்கியபோது இணையத் தேர்வு ஒன்று வந்தது. வகுத்தலில் இருபது கணக்கு. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனி போனில் போட வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் முடியாவிட்டால் இன்னொரு மெமோ. பிள்ளைகள் வீட்டுப் போன்களோ அப்பா, அம்மாவின் சட்டைப் பையிலும் சாப்பாட்டுப் பையிலும் இருந்துகொண்டு கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தன. செண்பகம் ரயில்வே கேட்டில் குந்தி, ஒவ்வொரு பெயராகத் தன் போனிலேயே உள்ளே நுழைந்து, அறுநூற்றிருபது கணக்கையும் தானே போட்டுத் தள்ளினாள். மனசு கூசத்தான் செய்தது. ஆனால் மெமோ பயம் விரலை விரட்டியது.

பத்தாம் நாள் பள்ளியில் பாராட்டு விழா. பெற்றோர்கள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ராஜமாணிக்கம் முறைப்படி ஆந்திராவுக்குள் நுழைய எழுத்தில் அனுமதி வாங்கி வந்து, ஆணையை வாசித்தார்.

"இவ்வகுப்பு மாணவர்கள் வகுத்தலில் நூறு விழுக்காடு தேர்ச்சி எய்திவிட்டபடியால், இனி இவர்களுக்கு வகுத்தல் கற்பிக்கத் தேவையில்லை எனவும், அந்நேரம் கருவிப் பயிற்சிக்கு ஒதுக்கப்படும் எனவும் ஆணையிடப்படுகிறது."

எல்லாரும் கை தட்டினார்கள். பூமிகாவின் அம்மா குப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு நூத்துக்கு நூறாம். பிரிண்டு போட்டு ஊட்ல மாட்டிட்டோம் டீச்சர்!"

செண்பகத்தால் தாங்க முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று ராஜமாணிக்கத்தைச் சுவரோரம் கூட்டிப் போனாள்.

"சார், அந்தப் பரீட்ச பசங்க எழுதல. எல்லாத்தையும் நான்தான் போட்டேன். அதுங்களுக்கு வகுத்தல் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அந்த ஆர்டர வாபஸ் வாங்குங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ராஜமாணிக்கம் அசரவில்லை.

"இது இன்னா பெரிய ரகசியமா? எல்லா ஸ்கூல்லயும் டீச்சருங்கதான் போட்டாங்க."

"அப்ப எங்க ஸ்கூலுக்கு மட்டும் எதுக்கு சார் விழா?"

"முழுசும் சரியாப் போட்டது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் நூத்துக்கு அம்பதுக்கே முக்கிட்டாங்க. அதனால வர்ற திங்கக்கெழமலேர்ந்து நீங்க கிளாசுக்குப் போவ வேணாம். வட்டாரத்து டீச்சருங்க எல்லாருக்கும் ஆன்லைன்ல வகுத்தல் சொல்லித் தரணும்."

அக்கம்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் சேந்துக்குறேன் டீச்சர். மீதி வந்தா இன்னா பண்றதுன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல."