சாண் கணக்கில் ஆகாயம்

முதலில் அந்தக் கையைப் பாருங்கள். யாராவது ஓர் ஊரின் பெயரைச் சொன்னதும் வலக்கை மேஜைமேல் இறங்கும்; கட்டைவிரல் நம் ஊரில் ஊன்றும்; சுண்டுவிரல் இருமல் மருந்துப் புட்டியைத் தாண்டி, நாளிதழைத் தாண்டி, சொன்ன ஊரில் போய் நிற்கும். ஒரு கண் சுருங்கும்.

"நேர்கோட்டுல ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். ரெண்டரை மணி நேரம். அவ்வளவுதான்!"

இவர்தான் வான்தூரக்காரர். இந்த இனத்தவர் விமானத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏறினால் கெட்டுப்போவார்கள்: வரிசை, பெட்டி, பெல்ட்டைக் கழற்றுவது என்று மனிதத் தொல்லைகள் கணக்குக்குள் புகுந்துவிடும். விமானம் நேர்கோட்டில் போகலாம். விமான நிலையத்துக்குப் போகிற பஸ் போகுமா? கேட்டால், "அது தரை. தரையை நான் சேர்க்கறதில்ல" என்பார்.

எங்கள் வீட்டு வான்தூரக்காரர் என் மாமா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துப் பலகையை வாசிக்கிற வாடிக்கையாளர், பாவம், மகன் வெளிநாட்டில் இருப்பதை வாய்தவறிச் சொல்லிவிட்டால், பரிசோதனை மூன்றாம் வரியோடு நின்று, கவுன்ட்டர் உலகமாகி, சாண் விரிந்து, மகன் மூன்றேமுக்கால் மணி நேரத்தில் இருக்கிறான் என்ற பூரிப்போடு அவர் கண்ணாடி வாங்காமலே வீடு திரும்புவார்.

மாமாவின் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. கடல் தாண்டிய ஊர். உதவிக்கு அத்தைதான் போக வேண்டும், அதுவும் தனியாக. அத்தையோ லிப்டுக்குப் பயந்து ஐந்து மாடி படியேறுகிறவர்.

"எவ்வளவு நேரங்க அந்தரத்துல தொங்கணும்?"

மாமா இடக்கையால் டிக்கெட்டை நீட்டினார். வலக்கை பாக்கெட்டில் இருந்தது.

"நீயே பாரு. காலையில ஒன்பது பத்துக்குக் கிளம்புது. பத்து இருபத்தஞ்சுக்கு இறங்குது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள!"

அத்தை கண்ணை மூடித் திறந்து பார்த்தார். கிளம்பிவிட்டார்.

அன்று கடையில் பதினொரு மணி ஆயிற்று. மாமா ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒருவர் பலகையின் எழுத்துகளைத் தப்புத்தப்பாக வாசிக்க, "பிரமாதம்" என்றார்.

"மாமா, அத்தை இறங்கியிருக்கணுமே? போனே வரலியே?"

"அதுக்குள்ளவா? இன்னும் ரெண்டு மணி அம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கேடா!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் போட்டிருந்த இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். மாமா பொய் சொல்லவில்லை; வாசித்தார்.

சிரிக்காதீர்கள். ஒன்பது பத்து, பத்து இருபத்தைந்து என்று படித்தவுடன், ஒருவரும் கேட்காமலே, ஒன்றேகால் மணி நேரம் என்று மனசுக்குள் கழித்துப் பார்த்தது யார்? இப்போது மூன்றரையைக் கூட்டிச் சரிபார்ப்பது யார்? அந்தக் கையை மேஜையிலிருந்து எடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, பேத்தியின் படங்களோடு திரும்பிவந்த அத்தையிடம், "நல்லா ஏமாந்தீங்க" என்றேன்.

"யாருடா ஏமாந்தது? தெரிஞ்சுதான் ஏறினேன். வாய் ஒன்பதுங்குது, பத்துங்குது, கை மட்டும் பாக்கெட்டை விட்டு வெளிய வரல. உங்க மாமா சாணை விரிக்கலைன்னாலே தெரியாதா, ரொம்ப தூரம்னு?"