இரண்டு விரல் வணக்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்தேன். பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அந்த ஞாயிற்றுக்கிழமை கண் முன்னால் வந்து நிற்கும், மூடி வைத்துவிடுவேன். பிள்ளையார் சுழி மட்டும் போட்ட தாள்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. (என் மனைவி அதில் வடகம் காயப்போடுகிறாள்.) நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்போரூர் சன்னதித் தெருவில் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பொய் இல்லை, அதற்கு எங்கள் ஊர் முருகன் கந்தசாமி சாட்சி.

என் வாழ்நாளில் பாதி ஒரு பழைய மொபட்டில் கழிந்தது. முன்னால் தேங்காய் மூட்டை, பின்னால் வாழைத்தார், நடுவில் நான். மொபட்டில் போகிறவனுக்கு ரோட்டில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. ஆரன் அடிப்பார்கள், "ஓரம் போய்யா" என்பார்கள். நமக்கு அதுதான் உபசாரம்.

அப்படிப்பட்டவன் வாசலுக்கு ஒரு புல்லட் வந்து சேர்ந்தது. என் மனைவியின் தம்பி சரவணன் வேலைக்காகத் துபாய்க்குக் கிளம்பியபோது தன் வண்டியை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டுப் போனான். சாவியோடு ஓர் உபதேசமும் கொடுத்தான்.

"மாமா, ஞாயித்துக்கெழம காலீல ஈசிஆர் பக்கம் போனீங்கன்னா மெட்ராஸ் பைக்காரங்க கும்பலா வந்துகினு இருப்பாங்க. எதிர்ல வர்றவன் கைய எறக்கி ரெண்டு வெரல கீழ காட்டுவான். அதான் வணக்கம். நீங்களும் காட்டணும்."

"யாருன்னே தெரியாதவனுக்கா?"

"தெரிஞ்சவனுக்கு எல்லாருந்தான் வெப்பாங்க. இது வண்டிக்கு வண்டி மரியாத மாமா. காட்டாம போனா திமிரு புடிச்ச ஆளுன்னு நெனப்பான்."

இது எனக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. கோயில் தெருவில் பிழைப்பவனுக்கு ஒரு வணக்கத்தைத் திருப்பித் தராமல் விடுவது பாவத்தோடு சேர்த்தி.

இனி என் தம்பி முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாய் தோஷம். முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையவில்லை. போவோம், பஜ்ஜி சாப்பிடுவோம், "இன்னொரு நாள் பேசலாம்" என்பார்கள். அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை. கடைசியாக மாமல்லபுரத்தில் ஒரு பெண் அமைந்தது. பெயர் கலைவாணி, அவளுக்கும் அதே தோஷம். அவள் அப்பா கல்பாக்கத்தில் டெக்னீசியன். அளந்து பேசுகிறவர், சகுனம் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறப்பதற்குள் நாங்கள் கொண்டுபோகும் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு பெண் மனையில் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். வரதட்சணை பற்றி நாங்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அப்படி ஒரு இடம் இனி கிடைக்குமா என்று அம்மா தினமும் விளக்கு முன்னால் நின்று அழுதாள்.

அந்தச் சேலை தையற்கடையில் மாட்டிக்கொண்டது. ரவிக்கை தயார், முந்தானையில் குஞ்சம் மட்டும் பாக்கி என்றார் டைலர். அம்மா, மனைவி, தம்பி, சொந்தக்காரர்கள் எல்லாரும் தட்டு வரிசையோடு வேனில் ஏறினார்கள். "நீங்க முன்னால போங்க. நான் வாங்கிகினு பின்னாலயே வந்துர்றேன்" என்று நான்தான் பெருந்தன்மையாகச் சொன்னேன். (பெருந்தன்மை ஒன்றுமில்லை. வாசலில் புல்லட் நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை.)

தம்பி வேன் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, சேல பத்திரம்" என்றான். பாவம்.

சேலை கைக்கு வந்தது. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். ரவிக்கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். சேலையைத் துணிப்பையில் போட்டுப் பின் சீட்டில் வைத்து, தேங்காய் மூட்டை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். தேங்காய் மூட்டை இதுவரை என் கட்டிலிருந்து அவிழ்ந்தது கிடையாது. ஆனால் தேங்காய் வழுக்காது, பட்டு வழுக்கும். அதுவும் பையின் வாய் பின்பக்கம் பார்த்து இருந்தது. தலையில் ஹெல்மெட், கீழே புல்லட் சத்தம். வெளி உலகத்திலிருந்து ஒரு சொல்லும் என் காதுக்கு வர வழியில்லை.

நெம்மேலியில் உப்பங்கழியைத் தாண்டி, கடற்கரைச் சாலையான ஈசிஆரில் திரும்பினேன். எதிரே ஒரு பெரிய பைக். கருப்பு ஜாக்கெட் போட்ட ஆள். என்னைப் பார்த்ததும் கையை இறக்கி இரண்டு விரலைக் கீழே காட்டினார். சரவணன் சொன்னது அப்படியே நடந்தது. நானும் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஹெல்மெட் கண்ணாடிக்குள் துடைக்க வழியில்லை. இத்தனை வருஷம் இதே ரோட்டில் வாழைத்தாரோடு போயிருக்கிறேன், ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த ஒரு வணக்கம் நிஜ வணக்கம். பிறகு வந்தவைதான் வினை.

பட்டிப்புலம் தாண்டியதும் வணக்கங்கள் அதிகமாயின. எதிரே வந்த ஒவ்வொரு பைக்காரரும் இரண்டு விரலைக் கீழே நீட்டினார். சிலர் நீட்டி நீட்டி ஆட்டினார்கள். அன்பு அதிகம் போலிருக்கிறது என்று நானும் ஆட்டினேன். ஒரு கும்பலே வந்தது, எல்லாரும் ஒன்றாகக் கையை இறக்கினார்கள். கோயில் யானை தும்பிக்கையை ஆட்டுவது போல என் கையும் ஓயாமல் ஆடியது. பஸ் ஸ்டாப்பில் மீன் கூடையோடு நின்ற பெண்கள்கூடக் கையை நீட்டினார்கள். பைக் இல்லாதவர்களுக்குக் கும்பிடுதான் முறை என்று தலைகுனிந்து கும்பிட்டேன். (ஒரு கையால்தான். இன்னொரு கையில் ஆக்சிலேட்டர்.) ஒரு பஸ் கண்டக்டர் உடம்பில் பாதியை வெளியே விட்டு விசில் ஊதினார். அரசாங்க ஊழியர் வரை மரியாதை வந்துவிட்டதே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. "முருகா, தம்பி கல்யாணத்துக்கு நல்ல சகுனம் காட்டுறியேப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன். இதைச் சொன்னது நான்தான், யாரும் கட்டிச் சொல்லவில்லை.

அப்போது ஒரு பைக் எதிர்ப்பக்கம் போய், வளைந்து திரும்பி, என் பின்னால் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கை காட்டுகிறார், லைட் போடுகிறார், ஆரன் அடிக்கிறார். கூட வர ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவருக்குச் சளைக்கக் கூடாதே என்று வேகத்தைக் கூட்டினேன்.

சாளுவன்குப்பம் சவுக்குத் தோப்பருகே பின்சக்கரம் சடாரென்று பிடித்துக்கொண்டது. வண்டி ஒரு ஓரம் போனது, நான் மணலில் இன்னொரு ஓரம் போனேன். எலும்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்தால், செயினிலும் சக்கரத்திலும் மாம்பழ நிறம் கயிறு கயிறாகச் சுற்றியிருந்தது. அரக்கு பார்டர் கிரீஸில் கருப்பாகிவிட்டது. குஞ்சம் ஒன்று மட்டும் வெளியே தொங்கி காற்றில் ஆடியது.

துரத்தி வந்தவர் ஓடி வந்தார்.

"இன்னா அண்ணாத்த நீ? சேல ரோடு ஃபுல்லா கொடி மாரி பறந்துகினு வருது. வீல்ல போவுது, வீல்ல போவுதுன்னு ஊரே கை காட்டுது. நீ இன்னாடான்னா எல்லாருக்கும் டாட்டா காட்டிகினே போற?"

"வணக்கம்னு நெனச்சேன் தம்பி."

அவர் என்னையே பார்த்தார். சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்கும் தெரியவில்லை. "அது சரி. நெருங்கி வந்தா ரேஸ் வேற வுடுற. யாரு சேல அண்ணாத்த இது?"

நான் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. கத்தி எடுத்துவந்து, குழந்தைக்குக் காயம் படாமல் முள் எடுப்பது போல அறுத்து அறுத்து எடுத்தார். வெளியே வந்தது ஐந்து துண்டோ ஆறு துண்டோ. எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. புல்லட்டை அங்கேயே விட்டுவிட்டு அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, மடியில் கந்தலை வைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இறக்கிவிட்டதும் அந்தத் தம்பி தலைகுனிந்தபடி கிளம்பிவிட்டார். வணக்கம் வைக்கவில்லை.

பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் சட்டைக்குள்ளிருந்து ரவிக்கையை எடுத்துத் தட்டில் வைத்தேன். அதில் ஒரு கறை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அதன் பக்கத்தில் சேலையை வைத்தேன்.

பெண்ணின் அப்பா முதலில், "அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார். நல்ல மனிதர். பிறகு சேலையைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேற சேல கட்டிக்கலாங்க, வூட்டுல எவ்ளோ சேல இருக்கு" என்றாள் அம்மா.

பெண்ணின் பெரியப்பா விடவில்லை. "மாப்ள வூட்டு சேல கந்தலா வந்து எறங்குது. இதுக்கு மேல இன்னா சகுனம் வோணும்?"

பெண்ணின் அப்பா மெதுவாகத்தான் சொன்னார். "இன்னொரு நாள் பேசலாம்."

தட்டுகளைத் திரும்ப வேனில் ஏற்றினோம். திருப்போரூர் வரும்போதுதான் தம்பி வாய் திறந்தான்.

"அண்ணே, வழியில யாருமே உனக்குக் கை காட்டலியா?"

"காட்டுனாங்கடா."

"எத்தினி பேரு?"

"எல்லாரும்."

"நீ இன்னா பண்ண?"

"வணக்கம் வெச்சேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று முதலில் நினைத்தேன்.

சாயங்காலம் சன்னதியில் போய் நின்றேன். நின்றேன் என்று சொல்லக் கூடாது, விழுந்தேன். "அப்பனே, உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? இப்படி ஆகப்போகிறது என்று ஒரு சின்ன அறிகுறி காட்டியிருக்கக் கூடாதா?" என்று அழுதேன். அழுது முடித்துத் தலைநிமிரும்போதுதான் உறைத்தது. அவன் காட்டாமலா இருந்தான்? பைக்காரன் கையால் காட்டினான், மீன்காரம்மா கையால் காட்டினான், கண்டக்டர் வாயில் விசிலாகவும் வந்தான். கடைசியில் என்னைத் துரத்திக்கொண்டே வந்தான். அவனோடு நான் ரேஸ் விட்டிருக்கிறேன். கும்பிட்ட கையைப் பிரிக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தேன். கும்பிடக்கூட வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு தம்பி என் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இனிமேல் பெண் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆடி போய் ஆவணி பிறந்தது. ஒருநாள் காலை கடை முன்னால் கலைவாணியின் அப்பா நின்றார். என் கையில் இருந்த தேங்காய் நழுவிவிட்டது.

"என் பொண்ணு ஒரு கேள்வி கேக்குறா, எனக்கு பதில் தெரியல" என்றார். "'சக்கரத்துல சுத்துனது சேலதானேப்பா, அந்த மனுஷன் உயிரோடதானே வந்தாரு. எனக்கு இருந்த கண்டம் அந்தச் சேலையோட போச்சு. இதவிட நல்ல சகுனம் ஏது'ன்றா. வேற எடம் பாக்கவும் வுடமாட்டேன்றா. ஆனா ஒண்ணு. இந்தத் தடவ சேலைய நீங்க எடுத்துகினு வரக்கூடாதுன்னு சொல்லச் சொன்னா."

கல்யாணம் நடந்தது. சேலை வேனில் போனது. நானும் வேனில்தான் போனேன், இரண்டு பேருக்கு நடுவில்.

இன்று வரை எங்கள் வீட்டில் அந்த இரண்டு விரல் ஓயவில்லை. வந்தவர்களிடம் நான் ஏதாவது பெருமை பேச ஆரம்பித்தால், சமையலறை வாசலில் நின்று கலைவாணி சத்தமில்லாமல் இரண்டு விரலைக் கீழே காட்டுவாள். நான் உடனே பேச்சை நிறுத்தி, என்னைச் சுற்றி ஏதாவது அவிழ்ந்து தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்வேன். பெரும்பாலும் தொங்கும்.

இவ்வளவு நாள் கழித்து எழுதக் காரணம், கதை கைமாறிக் கைமாறிக் கெட்டுவிட்டதுதான். மணலில் விழுந்த என்னைச் சொந்தக்காரர்கள் இப்போது கடலில் விழ வைக்கிறார்கள். துபாயிலிருந்து சரவணன் சொல்லும்போது போலீஸ்காரரும் எனக்கு சல்யூட் அடிக்கிறார். அப்படியெல்லாம் இல்லை, நடந்தது இதுதான். இதைப் படித்தவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். ரோட்டில் யார் கை காட்டினாலும் முதலில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திப் பின்னால் பாருங்கள். வணக்கம் எங்கும் போய்விடாது, பிறகு வைத்துக்கொள்ளலாம்.