தோட்டத்தில் ஒரு மேடு

மறுபடியும் அழைப்பு மணி அடித்தது. பல்செட்காரர் போய்க் கதவைத் திறந்தார். மறுபடியும் வாசலில் யாரும் இல்லை.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"யாரும் இல்லை."

"அம்மாவோன்னு பார்த்தேன்."

அவள் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போன அம்மாவைப் பற்றிப் பேசுகிற குரலாக அது இல்லை.

மாமியார் வீட்டைவிட்டுப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனைவி ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்த சமயத்தில் நடந்த கதை அது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பது அவருடைய தொழில். மாமியாருக்கும் ஒரு புதுச் செட் செய்து மாட்டிவிட்டு, "அத்தை, ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னா தானா பொருந்திடும்," என்றார். தொழில்முறையில் சரியான ஆலோசனைதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த வாக்கியமும் அதுவே என்பதால், சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷம் கலந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் மாமியார் காதில் விழுந்தது. புதுப் பல்லைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு போனவர்தான். போனையும் அணைத்துவிட்டார். மகன் வீட்டில் இல்லை, தங்கை வீட்டில் இல்லை. திரும்பி வந்த மனைவி ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டாள். அவரும் ஒரே பதிலைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே பொய் மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

போதாததற்கு மழை வேறு. விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, வீட்டின் பக்கவாட்டுத் தோட்டத்தில் அந்த மேடு எழுந்திருந்தது.

சலித்த மாவு மாதிரி மிருதுவான மண். புற்று என்றால் வாய் இருக்க வேண்டுமே, அதற்கு ஓர் ஓட்டைகூட இல்லை. அவர் ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தார். சிவப்பாக, பொடியாக எறும்புகள் வழிந்தன. சத்தமே இல்லாமல் அவர் முழங்கால் வரை ஏறின. ஏறும்வரை ஒன்றுகூடக் கடிக்கவில்லை. பிறகு யாரோ 'ம்' என்று சொன்னாற்போல எல்லாம் ஒரே சமயத்தில் கடித்தன. நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. மாலைக்குள் கால் முழுக்கச் சீழ் கோத்த கொப்புளங்கள்.

மாடியில் குடியிருந்த ஹவுஸ் ஓனரிடம் போய்ச் சொன்னார். நல்ல மனிதர். வாடகை ஏற்றாதவர். மனைவி வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டார். "அவ ஆசையா வச்ச செடிங்க. அவ வந்து பார்த்துக்கட்டும்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் பல்செட்காரருக்கு மனசு இளகிவிடும்.

"தோண்டிடாதீங்க தம்பி," என்றார் ஹவுஸ் ஓனர். "தோண்டினா இது நாலா பக்கமும் பரவிடும். மேலாக்க ஏதாவது பண்ணி அமுக்குங்க."

"சரிங்க சார்."

"அத்தை வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"வருவாங்க. பொம்பளைங்க அப்படித்தான், சொல்லாம கொள்ளாம கிளம்பிடுவாங்க. என் வீட்டுல நடக்கலையா?"

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

முதலில் கொதிக்கிற வெந்நீரைப் பெரிய அண்டாவில் சுமந்துபோய் ஊற்றினார் பல்செட்காரர். எறும்புகள் ஒரு முழம் தள்ளி எழுந்தன. மேடு நீண்டது. அன்று அவர் ஆவி பறக்கிற அண்டாவோடு தோட்டத்துக்குப் போனதையும், கடிபட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியதையும் எதிர்வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து முழுசாகப் பார்த்தாள். அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலையே கிடையாது.

அடுத்து அவர் தன் தொழிலை நம்பினார். பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர் மாவைக் கரைத்து, வாளி வாளியாக மேட்டின்மேல் ஊற்றினார். அது இறுகி, வெள்ளை வெளேரென்று, மழமழவென்று நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் சமாதி. கிட்டத்தில் பார்த்தாலும் சமாதிதான். மறுநாள் காலை எறும்புகள் பிளாஸ்டரின் இரு முனைகளிலும் புது மண் தள்ளியிருந்தன. இப்போது அது ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு வந்துவிட்டது.

அவருக்கே பார்க்கச் சகிக்கவில்லை. பழைய போர்வை ஒன்றைக் கொண்டுபோய் மூடினார். காற்றில் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் பூந்தொட்டிகளை வைத்தார். போர்வை மாமியாருடையது என்பதை அவர் கவனிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா கவனித்துவிட்டாள்.

"என்ன சார், எதையோ போர்த்தி வச்சிருக்கீங்க?"

"எறும்புங்க."

"எறும்புக்குக் குளிருமா?"

"இல்லைங்க, அது வந்து..."

"அத்தை எங்க, கண்ணுலயே படலை?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

"எந்த ஊருக்கு?"

"தெரியலைங்க."

எதிர்வீட்டு அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தெரு முழுக்கத் தெரியப்படுத்த அவளுக்கு இதுவே தாராளமாகப் போதும்.

வீட்டுக்குள் நிலைமை அதைவிட மோசம். அழைப்பு மணி நினைத்தபோதெல்லாம் அடித்தது. ஒவ்வொரு முறையும் மனைவி வெளிறிப்போய் நின்றாள். பிறகு தலையணையைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போய்விட்டாள். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கட்டின மனைவியே தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாளே என்று அவர் நொந்துகொண்டார். எப்படியாவது அந்த மேடு வெறும் எறும்புப் புற்றுதான் என்று யாராவது அதிகாரபூர்வமாகச் சொல்ல வேண்டும்.

பூச்சித் தடுப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் அதிகாரி வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார், சில எறும்புகளைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தார்.

"நெருப்பெறும்பு," என்றார். "நம்ம ஊர் எறும்பு இல்லை. வெளியிலேர்ந்து சரக்கோட வந்து இறங்கினது. வந்த இடத்துல வேற எதையும் வாழ விடாது. இங்க சத்தமே இல்லை, கவனிச்சீங்களா?"

அப்போதுதான் கவனித்தார்கள். குருவி இல்லை. பூச்சி ரீங்காரம் இல்லை. மதில்மேல் எப்போதும் ஓடுகிற ஓணான் இல்லை. அத்தனை செடி இருந்தும் தோட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கூட்டுல இருக்கிற குஞ்சைக்கூட விடாது," என்றவர், வாசலுக்குப் போய் மணி சுவிட்சின் மூடியைக் கழற்றினார். உள்ளே எறும்புகள் அடைத்துக்கொண்டிருந்தன. "கரண்ட் பெட்டின்னா இதுக்கு உயிர். கம்பிங்களுக்கு நடுவுல போய்ச் செத்துச் செத்து, மணி தானா அடிக்கும்."

"பார்த்தியா?" என்று மனைவியைப் பார்த்தார் பல்செட்காரர். "எல்லாம் எறும்புதான். நான்தான் சொன்னேனே." மனைவியின் முகத்தில் லேசாக ரத்தம் திரும்பியது. அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த இடத்தை எப்பத் தோண்டினீங்க?"

"தோண்டவே இல்லைங்களே."

"கெட்டித் தரையில இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிசா வராதுங்க. கிளறிப் போட்ட மண்ணுன்னா இதுக்கு ரொம்ப இஷ்டம். அந்த நீளத்துக்குக் கீழ மண்ணு இளகியிருக்கு. யாரோ நல்லாத் தோண்டி மூடியிருக்காங்க."

மனைவி வீட்டுக்குள் போனாள். மதிலுக்கு அந்தப்பக்கம் எதிர்வீட்டு அம்மாவின் தலை மறைந்தது. அதிகாரி மருந்து எடுத்துவர வண்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

வந்தவர் தொந்தியும் நிதானமுமான ஒரு போலீஸ்காரர், கூட மண்வெட்டியோடு ஒரு கான்ஸ்டபிள். எதைக் கேட்டாலும் பல்செட்காரர் உண்மையைச் சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று.

"கடைசியா அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு சொன்னேன்."

"சரி. அப்புறம் அவங்க மூடிக்கிட்டாங்க. அவங்க பல்லு எங்க?"

"அலமாரியில, பெட்டிக்குள்ள."

போலீஸ்காரர் தானே போய் முன்னறை அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து மூடியைத் திறந்தார். பல்செட்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"புதுசு, பழசு ரெண்டும் இருக்கு," என்றார் போலீஸ்காரர். சாப்பாட்டு விஷயத்தில் அக்கறையுள்ளவர் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. "பல்லை இங்க வச்சிட்டு ஊருக்குப் போனா, அங்க எதை வச்சுச் சாப்பிடுவாங்க?"

அவர் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போதுதான் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தார். "தோண்டக்கூடாது. இது என் இடம். தோண்டினா தெரு முழுக்கப் பரவிடும், மேடத்தையே கேளுங்க."

"பரவும்தான்," என்றார் பூச்சித் தடுப்பு அதிகாரி. "ஆனா கொலைன்னா எனக்கு ஆட்சேபணை இல்லை."

இந்த நேரத்திலும் தனக்காக வாதாட ஒருவர் இருக்கிறாரே என்று பல்செட்காரர் ஹவுஸ் ஓனரை நன்றியோடு பார்த்தார்.

கான்ஸ்டபிள் பிளாஸ்டரை உடைத்தார். ஒரு பாளம் பெயர்ந்ததுதான் தாமதம், சிவப்பாகப் பொங்கி வந்தது. கான்ஸ்டபிள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குதித்தார், பெல்ட்டை அவிழ்த்தார், தொட்டித் தண்ணீரில் போய் உட்கார்ந்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உள்ளேயிருந்து வந்திருந்த மனைவி மட்டும் உடைந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டு, "அம்மா," என்றாள்.

"என்னடி?" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். தோட்டத்துக் கேட்டருகில் பையும் கையுமாக மாமியார் நின்றிருந்தார்.

"சிநேகிதி வீட்டுல நிம்மதியா நாலு நாள் இருக்கலாம்னு போனேன். இங்க என்ன கூத்து? என் போர்வையை யார் மண்ணுல போட்டது?"

மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். மாமியாரைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல்செட்காரரும் ஆனந்தக் கண்ணீர் விட்டார். "அத்தை, நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க," என்றார். "இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"பழைய பல்லோடதான் போனேன் மாப்பிள்ளை. நீங்க பண்ணினது நெரிக்குது."

"சரி பண்ணித் தர்றேன் அத்தை."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஹவுஸ் ஓனர்தான். "ஆச்சு, ஆச்சு. ஆள் வந்தாச்சு. இனிமே என்ன, மூடிடலாம்," என்று சொல்லிக்கொண்டே வெறுங்காலால் மண்ணைப் பள்ளத்துக்குள் தள்ள ஆரம்பித்தார். எறும்புகள் அவர் முழங்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தன. அவர் உதறவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. தள்ளிக்கொண்டே இருந்தார்.

போலீஸ்காரர் பைக்குள்ளிருந்த பெட்டியை எடுத்து மாமியாரிடம் நீட்டினார். "மன்னிச்சுக்கோங்கம்மா. இந்தாங்க உங்க பல்லு."

மாமியார் மூடியைத் திறந்து முகத்தைச் சுளித்தார். "இது என்னோடது இல்லையே. என் வாய் இவ்வளவு பெரிசா?"

அளவெடுத்த மருமகன் அதற்கு அபிப்பிராயம் சொல்லாமல் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார்.

"அடடா, பெட்டி மாறிப்போச்சு. இது மாடியில இருந்த அம்மாவோடது. அவங்க பழைய செட்டு உடைஞ்சுபோய், மாதிரிக்குன்னு அதையும் குடுத்தாங்க. புதுசை வாங்கிக்கறதுக்குள்ள மக வீட்டுக்குக் கிளம்பிட்டாங்களாம்."

அவர் சிரிப்பில் வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. உள்ளே அழைப்பு மணி தானாக அடித்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் பெட்டியைப் பார்த்தார். மண் தள்ளுகிற அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு குனிந்து மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹவுஸ் ஓனரிடம் நிதானமாகக் கேட்டார்:

"ஐயா, அப்ப உங்க சம்சாரம் அங்க எதை வச்சுச் சாப்பிடுறாங்க?"