லிரிப் பள்ளத்தில் ஒரு பெருவிழா

பூமி உருண்டை என்று சொன்னவர்கள் பலர். அது சுற்றுகிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பூமிக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் இல்லாததுதான் பெருங்குறை என்று கண்டுபிடித்த பெருமை, நடு ஜாவாவின் மலைமேட்டு மாவட்டத்துக் கல்வி அலுவலர் பாக் திராஜாத் விர்யோகுசுமோ ஒருவரையே சேரும். (ஜாவாவில் 'பாக்' என்றால் ஐயா, 'பு' என்றால் அம்மா.)

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அவர் 'இயற்கை அதிசயங்களும் ஆர்வமிகு மாணவர்களும்' என்ற பெருவிழாவை லிரிப் எரிமலை வாயின் ஓரத்தில் நடத்தினார். ஏட்டில் படித்த அதிசயத்தைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டுமாம். பார்க்க வேண்டிய அதிசயங்களின் பட்டியலில் முதலாவது அவருடைய வரவேற்புரை, இரண்டாவது சிறப்புரை, மூன்றாவது எரிமலை.

லிரிப்பின் கண்காணிப்புச் சாவடியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவர் துகிரான். மலை உறுமினால் எழுதிவைப்பார், பெருமூச்சு விட்டால் அளந்துவைப்பார். கெட்டிக்காரர். பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல மட்டும் அவருக்கு வராது. எங்கள் ஜாவாவில் இதற்குப் பெயர் நல்ல வளர்ப்பு.

விழா அன்று விடிந்தபோது காற்று அசையவில்லை. மூடுபனி கம்பளி போல உட்கார்ந்திருந்தது. எரிமலை வாய்க்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் துகிரான் இறங்கிப் பார்த்தார். இரண்டு சிட்டுகள் செத்துக் கிடந்தன. அளவைக் கருவியைக் கணுக்கால் உயரத்தில் பிடித்ததும் அது கீச்சென்று கத்தியது. கரியமில வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, காற்றைவிடக் கனம். காற்று வீசாத காலையில் மலையிலிருந்து வழிந்து இப்படிப் பள்ளத்தில் வந்து தேங்கும்.

அந்தப் பள்ளத்தில்தான் நூற்று இருபது பிள்ளைகளுக்குப் பாய் விரித்திருந்தார்கள். முன்வரிசையில், பள்ளத்தின் அடிமட்டத்தில், துகிரானின் ஒன்பது வயது மகளும் உட்காரப்போகிறாள், பெயர் நிங்ரும். குள்ளமாக இருப்பவர்களுக்கு முன்வரிசை.

மேடையோ கரையின் மேல், ஓர் ஆள் உயரத்துக்கு மரம் அடித்து எழுப்பப்பட்டிருந்தது. துகிரான் அதன் படியருகே போய்க் குனிந்து நின்றார்.

"என்ன பாக் துகிரான், மலை சௌக்கியமா?" என்றார் திராஜாத், பூப்போட்ட பத்திக் சட்டையின் காலரைச் சரிசெய்தபடி.

"உங்க ஆசீர்வாதத்துல சௌக்கியம், பாக். காத்துதான் இன்னிக்கு... கொஞ்சம் இறங்கி இருக்கிற மாதிரி இருக்குது."

"இருக்கட்டுமே! பணிவான காத்து. பிள்ளைங்களுக்கு நல்ல முன்னுதாரணம்."

"மன்னிக்கணும், பாக். அது கீழ தேங்கிடும். பிள்ளைங்களை மேடைக்குப் பின்னால இருக்கிற மேட்டுல உட்கார வச்சா கொஞ்சம் உத்தமமா இருக்குமோன்னு..."

திராஜாத்தின் முகம் வாடியது. "மேட்டுலயா? அங்க உட்கார்ந்தா அவங்க தலை நம்ம தலைக்கு மேல போயிடுமே, பாக்! பெரியவங்களுக்கு மேல சின்னவங்க தலை இருக்கலாமா? இதைச் சொல்லிக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடமே நடத்தறோம்?"

"கருவி கத்துது, பாக்."

"கடிதம் இருக்கா?"

"கருவிதான் இருக்குது."

"கருவியில முத்திரை இருக்கா? மூணு பிரதி எடுத்து, மேலதிகாரி கையெழுத்தோட, ஏழு நாளைக்கு முன்னாடி அனுப்பியிருக்கணும். வாயுவைப் பத்தி இன்னிக்குக் காலையில வந்து சொன்னா நான் என்ன செய்யட்டும்?"

வாயுவும் இன்று காலையில்தான் வந்தது என்று துகிரான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆகட்டும், பாக்" என்றார். நல்ல வளர்ப்பு.

விழா தேசிய கீதத்தோடு தொடங்கியது. பிள்ளைகள் பாயில் அமர்ந்தார்கள். வரவேற்புரைக்கு நன்றியுரையும், நன்றியுரைக்குப் பாராட்டுரையும் நிகழ்ந்தபின் திராஜாத் சிறப்புரைக்கு எழுந்தார். அந்த உரையை எழுதிக்கொடுத்தவரே துகிரான்தான். கல்வி அலுவலகம் போன மாதம் கேட்டு வாங்கியிருந்தது.

"அன்பு மாணவச் செல்வங்களே! கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. எனவே அது எங்கே தேங்கும்? தாழ்வான இடத்தில் தேங்கும்! என்ன ஓர் அதிசயம்!"

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பள்ளத்தில் இருந்த மாணவச் செல்வங்கள் கொட்டாவி விட்டார்கள்.

இங்கே ஓர் அறிவியல் உண்மையைப் பதிவுசெய்ய வேண்டும். அந்த வாயுவைச் சுவாசித்தால் முதலில் தலை கனக்கும். பிறகு கொட்டாவி வரும், பெருமூச்சு வரும், கண் சொருகும், தலை சாயும். கல்வி அலுவலரின் உரையைக் கேட்டாலும் இதே வரிசையில் இதெல்லாம் வரும். ஆகவே யாருக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லை. "பிள்ளைங்க எவ்வளவு அமைதியா கேக்குறாங்க பாருங்க!" என்று மேடையில் ஒருவர் வியந்தார்.

துகிரான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிங்ரும் பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்தாள். அந்தப் பிள்ளை தனக்குப் பக்கத்துப் பிள்ளை மேல் சாய்ந்தது. ஓரத்தில் நின்ற ஆசிரியை பு லெஸ்தாரினியிடம் ஓடினார்.

"பு, பிள்ளைங்களை எழுப்பி மேல கூட்டிட்டு வாங்க!"

"உரை நடக்குதே, பாக்! நடுவுல எழுந்தா என் வேலை போயிடும். அவங்களும் எழுந்திருக்க மாட்டாங்க. பெரியவர் பேசி முடிக்கிறவரைக்கும் அசையக்கூடாதுன்னு மூணு நாளா பழக்கியிருக்கேன்."

'ஓடுங்கள்' என்று கத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கத்தியிருந்தால் நூற்று இருபது தலைகளும் உத்தரவுக்காக மேடையைப் பார்த்திருக்கும். மேடை துகிரானைப் பிடித்து வெளியே அனுப்பியிருக்கும். உரை தொடர்ந்திருக்கும். துகிரானுக்கு இது தெரியும். ஒரு பெரிய மனிதர் பேசும்போதே எல்லோரையும் எழுப்பக்கூடியது இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் என்பதும் தெரியும். ஒலிபெருக்கிக்காரன் தியோனோவிடம் பாய்ந்தார்.

"தேசிய கீதத்தைப் போடு!"

"அதான் ஆரம்பத்துலயே போட்டாச்சே, பாக்."

"மறுபடியும் போடுடா! சத்தமா!"

'பூமித்தாயின் மடியிலே' என்று திராஜாத் சொல்லி வாயை மூடுவதற்குள் கீதம் முழங்கியது. அவருடைய குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. மேடை முழுவதும் விறைத்து நின்றது. பள்ளத்தில் பிள்ளைகள் தள்ளாடி எழுந்தார்கள், தலைகள் நல்ல காற்றுக்கு வந்தன. நூற்று ஒன்பது தலைகள். பதினொரு பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

துகிரான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் குதித்தார். முதலில் கைக்கு அகப்பட்டவள் அவர் மகள். துணிபோலத் துவண்டிருந்தாள். அவளைக் கரையில் போட்டுவிட்டு மறுபடி இறங்கினார். பு லெஸ்தாரினி கீதத்தையும் வேலையையும் ஒருகணம் நினைத்தாள், பிறகு செருப்பை உதறிவிட்டு அவளும் குதித்தாள். அப்போதும் மேடையிலிருந்து ஒருவரும் அசையவில்லை. தேசிய கீதம் ஒலிக்கும்போது அசையக்கூடாது அல்லவா? திராஜாத் கண்ணை மூடி, உருகிப் பாடிக்கொண்டிருந்தார்.

"தியோனோ! அடுத்து அணிவகுப்புப் பாட்டு போடு!" என்று துகிரான் கத்தினார்.

பாட்டு மாறியது. நின்றிருந்த பிள்ளைகள் இடது வலது என்று கால்போட்டு வரிசையாகக் கரையேறி, மேடையையும் தாண்டி மேலே போனார்கள். சின்னவர்களின் தலை பெரியவர்களின் தலைக்கு மேலே போனது அந்த மாவட்ட வரலாற்றில் அதுவே முதல்முறை.

பதினொருவரையும் கரையேற்றினார்கள், ஒருவரும் சாகவில்லை. நிங்ரும் மட்டும் நான்கு நாளாகியும் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாம் நாள் காலை அதே மேடையில் மூவர் அடங்கிய விசாரணைக் குழு கூடியது. தலைவர் பாக் திராஜாத். சம்பவத்தை மிக உயரமான இடத்திலிருந்து பார்த்தவர் அவர்தானே. அன்றும் காற்று அசையவில்லை. சுருட்டாமல் விட்ட பாய்கள் பள்ளத்தில் நனைந்து கிடந்தன.

குழுவின் ஆராய்ச்சி துல்லியமானது. மேடையில் இருந்த பதினான்கு அலுவலர்களில் ஒருவருக்கும் தலை சுற்றவில்லை. ஆகவே வாயு இல்லை. பிள்ளைகள் மயங்கியதற்குக் காரணம், காலையில் சாப்பிடாமல் வந்ததும், 'அனுமதியற்ற தேசிய கீதத்துக்கு' நெடுநேரம் நின்றதும். நிற்கவே முடியாமல் கிடந்த பதினொருவர் நின்று களைத்தது எப்படி என்பதைக் குழு இயற்கை அதிசயங்களில் சேர்த்துவிட்டது போலும். அடுத்த ஆண்டு விழா அதே இடத்தில், இரு மடங்கு மாணவர்களோடு நடக்கும். மூவரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். கருவி பழுதாகியிருந்தது என்று துகிரானும் ஒரு கையெழுத்துப் போட்டால் அறிக்கை முழுமைபெறும்.

"போடுங்க, பாக். வெறும் காகிதம்தானே?" என்றார் திராஜாத், பேனாவை நீட்டி. "போடலேன்னா வேற தீவுக்கு மாத்திடுவாங்க. மக உடம்பு வேற சரியில்ல. யோசிச்சுப் பாருங்க."

துகிரான் காகிதத்தைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். மகள் துவண்டு தொங்கிய எடை இன்னும் கையில் இருந்தது. பிறகு, வழக்கம்போலவே, குனிந்து பணிவாகத்தான் பேசினார்.

"போட்டுடறேன், பாக். ஆனா சம்பவம் நடந்த இடத்துல வச்சுப் போட்டாத்தானே முறை? கீழ பாய் இருக்குது. நீங்க மூணு பேரும் வாங்க. அந்த முன்வரிசையில கால்மணி நேரம் சேர்ந்து உட்காருவோம். எழுந்து வந்ததும் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

திராஜாத் பள்ளத்தைப் பார்த்தார்.

"எனக்கு முழங்கால் வலி, பாக்" என்றார். "கீழ உட்காரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எனக்கும்" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் முழங்காலைத் தடவிக் காட்டினார்.

பள்ளத்தில் வாயு இல்லை என்று எழுதியவை மூன்று கைகள். இருக்கிறது என்பது ஆறு முழங்கால்களுக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.