பீப்பாய்க்குள் வெறுங்காற்று

பெரிய மரப் பீப்பாய்க்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான் திருமூர்த்தி. வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய ஆளைத் தரகர் அழகிரிசாமி அனுப்பியிருந்த போட்டோவோடு ஒப்பிட்டான். அதே மீசை, அதே வழுக்கை. பெண்ணின் அப்பாதான்.

அவனுக்கு வயது முப்பத்தேழு. இதுவரை பதினொரு ஜாதகம் தட்டிப்போயிருக்கிறது. பல்லடம் பிரவீனாவுடையது பன்னிரண்டாவது. பொருத்தமெல்லாம் சரி, இனிப் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி. விசாரிக்க வருகிறவர் தான் யாரென்று சொல்லமாட்டார். தெரிந்ததாக மாப்பிள்ளையும் காட்டிக்கொள்ளக் கூடாது. தரகர் மட்டும் இரண்டு பக்கமும் ரகசியமாகச் சொல்லிவைத்துவிடுவார். காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது.

"குடி மட்டும் இருக்கக் கூடாதாமுங்க. அந்த ஊட்டம்மா அதுல ரொம்பக் கறாருங்க," என்று தரகர் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

திருமூர்த்தி குடிக்கிறவன் இல்லை. ஆனால் அவன் மேனேஜராக இருப்பது ஒரு சாராயக்கடையில். அதாவது, சாராயமே இல்லாத சாராயக்கடையில். ஒரு காலத்தில் ஊட்டிக்குப் போன வெள்ளைக்காரத் துரைமார் மேட்டுப்பாளையத்தில் குதிரை மாற்றுகிற நேரத்தில் உட்கார்ந்து குடித்த கட்டடம் அது. கோயமுத்தூர் மில்காரர் சென்னகேசவன் அதை வாங்கி, பழையபடியே இழைத்துக் கட்டி, 'ஓல்டு பேரல் டேவர்ன்' என்று பெயர் வைத்து, துரைமார் சாப்பிட்ட மிளகுத்தண்ணி சூப்பும் ரயில்வே மட்டன் கறியும் விற்கிறார். மது விற்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. இருந்தாலும் பார்வைக்குக் குறை வைக்கக் கூடாதென்று சுவர் முழுக்கப் பாட்டில் அடுக்கி, பாட்டில் முழுக்க டீ டிகாஷன் ஊற்றிவைத்திருந்தார்.

டிகாஷன் புளித்துப் பாட்டில் நாறிவிடுவதால், மாற்றுக்குக் காலிப் பாட்டில்களை எதிர்த்த ஒயின்ஷாப் பாரிலிருந்து வாரா வாரம் சாக்குப்பையில் கட்டித் தூக்கி வருவது திருமூர்த்தியின் வேலை. பாரில் அவனைத் தெரியாதவர் கிடையாது. தூரத்தில் பார்த்ததுமே, "இன்னைக்கு எத்தனைங்கண்ணா?" என்று கேட்பார்கள். பெண்ணின் அப்பா அங்கே போய் ஒரு வார்த்தை விசாரித்தால் போதும், கதை முடிந்தது.

காரில் இருந்த அம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு அஞ்சு மணிக்கு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டாள். மணி அப்போது பன்னிரண்டு. ஐந்து மணி நேரமா என்று திருமூர்த்திக்குத் தலை சுற்றியது.

வம்பே வேண்டாமென்று காலையிலேயே பாட்டிலையெல்லாம் சமையலறைக்குள் ஒளித்துவைத்திருந்தான். உள்ளே வந்த பெரியவர் முதலில் பார்த்ததே அந்தக் காலிச் சுவரைத்தான்.

"ஏனுங் தம்பி, தரகர் காட்டுன போட்டோல இந்தச் செவுரு பூரா பாட்டில் இருந்துதுங்களே?"

ஒளித்தது மாட்டிக்கொண்டது. இனி மறைத்தால் சந்தேகம் வலுக்கும் என்று, சமையற்காரர் கரீமை விட்டு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னான். வெறும் டீதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். பெரியவர் நம்பவில்லை. ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து, ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்தது. நாற்பது பாட்டிலையும் ஒன்று விடாமல் ருசி பார்த்தார். இத்தனை கண்டிப்பான மனிதரைத் திருமூர்த்தி வாழ்நாளில் பார்த்ததில்லை.

அடுத்து பீப்பாய்களுக்கு நகர்ந்தார். ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"இதுக்குள்ள என்னங்க இருக்குது?"

"வெறுங் காத்துங்க."

பெரியவர் பெருமூச்சு விட்டார். இது நம்பாத பெருமூச்சு என்று திருமூர்த்தி பயந்துபோனான். கல்லாவில் இருந்த பிள்ளையார் படத்தை ஓடிப்போய் எடுத்துவந்து பெரிய பீப்பாய் மேல் வைத்து, பூப்போட்டு, ஊதுபத்தி கொளுத்திவிட்டான். இங்கே சாமி கும்பிடுவதுதான் வழக்கம் என்று பெரியவரிடம் அளந்தும் விட்டான். சாப்பிட வந்த சரவணம்பட்டிக் குடும்பம் ஒன்று அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வேறு வழியில்லாமல் பெரியவரும் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

ஆனால் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்று எதிர்த்த ஒயின்ஷாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "சித்தெ வெளிய போயிட்டு வாரேனுங் தம்பி," என்றார்.

திருமூர்த்தி கரீமிடம் கண்ணைக் காட்டினான். கரீம் பின்வாசல் வழியாகச் சுற்றிப்போய் பெரியவர் செருப்பை மட்டும் எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டார். பெரியவர் செருப்பைத் தேடினார். திருமூர்த்தியும் கூடவே குனிந்து, மெய்யான கவலையோடு தேடினான். வெறுங்காலோடு ரோட்டில் இறங்கிப் பார்த்த பெரியவர் நாலு எட்டு வைத்ததும் சித்திரை வெயிலில் தார் சுட, குதித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவரை எழுந்திருக்க விடவே இல்லை. சூப், கட்லெட், மட்டன் கறி என்று ஒன்று முடியுமுன் இன்னொன்று வந்தது. போதும் போதும் என்றாலும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு மேல் பெரியவரின் கை நடுங்க ஆரம்பித்தது. கரண்டி தட்டில் கடகடவென்று அடித்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. மனிதர் கோபத்தை அடக்குகிறார் என்று திருமூர்த்திக்குப் புரிந்தது. அடக்கிய கோபம்தான் மோசம் என்று அவனுக்கு இன்னும் பயம் கூடியது.

கடைசியாகப் புட்டிங் வந்ததும் பெரியவர் முகத்தில் சற்றே வெளிச்சம் தெரிந்தது.

"இதுல பிராந்தி ஊத்துவாங்கன்னு கேள்விப்பட்டனுங்க."

மறுபடியும் பொறி வைக்கிறார் என்று திருமூர்த்தி உஷாரானான். "அது அந்தக் காலத்துத் தொரைமாருங்க. நாங்க நன்னாரி சர்பத்துதானுங்க ஊத்தறோம்."

பெரியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. இத்தன பெரிய கட்டடத்துல, நெசமாலுமே ஒரு சொட்டுக்கூட இல்லீங்களா?"

"அந்தப் பிள்ளையார் மேல சத்தியமா இல்லீங்க."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இனி என்ன சொல்லியும் பிரயோசனமில்லை என்று திருமூர்த்திக்குத் தோன்றியது. வீட்டில் அவன் அம்மா இன்னேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். இதுவும் போச்சு என்று அவளிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தான்.

அஞ்சு மணிக்குக் கார் வந்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு அந்த அம்மாள், மாசாணியம்மாள், இறங்கி உள்ளே வந்தாள். கரீம் சத்தமில்லாமல் செருப்பை வாசலில் கொண்டுவந்து போட்டார். பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இந்த இடம் நமக்கு ஒத்துவராது, கிளம்பலாம் என்று மனைவியிடம் ஈனசுரத்தில் சொன்னார். திருமூர்த்தி பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டாவதும் போயிற்று.

மாசாணியம்மாள் கணவனின் நடுங்கும் கையைப் பார்த்தாள். வாயருகே குனிந்து நன்றாக மோந்து பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு திருமூர்த்தியின் பக்கம் திரும்பினாள்.

"இருவத்தெட்டு வருசத்துல இந்த மனுசனை அஞ்சு மணி நேரம் குடிக்காம ஒக்கார வெச்ச மொத ஆளு நீங்கதானுங்க மாப்ள, வர்ற வெள்ளிக்கெழமையே நிச்சயத்த வெச்சுக்கலாமுங்க."