பிணம் சிரிக்க மறுத்த கதை

சிரிப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மனிதர் சிரிப்புப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? எங்கள் கட் சார் எடுத்த படம் மாதிரி இருக்கும். அதைவிட மோசமாக எடுக்க இனி ஒருவர் பிறந்து வந்தால்தான் உண்டு.

கூடுவாஞ்சேரியில் எங்கள் முதியோர் இல்லத்தில் எனக்குப் பக்கத்து அறைக்காரர் அவர். ஆயுள் முழுக்கக் கோடம்பாக்கத்தில் உதவி டைரக்டர். ஒரு படம்கூட இயக்கக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை எங்களை இயக்கித் தீர்த்துக்கொண்டார். பேச்சு பிடிக்காவிட்டால் "கட்!" என்பார். பார்க்க வந்த மகள் விடைபெற்றுக் கிளம்பினால், "ஒன்மோர்! இந்த தபா வாசல்ல நின்னு திரும்பிப் பாரு" என்பார். அந்தப் பெண்ணும், பாவம், நின்று திரும்பிப் பார்க்கும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரம்மா கிரேஸ் டீச்சர் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்து முடித்தால், "டீச்சர், அந்த ஆமென்ல ஃபீலு கம்மியா கீதே" என்று ஆரம்பிப்பார்.

"அது கர்த்தருக்குச் சொன்னது சார், உங்களுக்கில்ல" என்பார் டீச்சர். அதற்குள் ரசம் ஆறிப்போயிருக்கும்.

இந்த மனிதருக்கு மகள் ஒரு புது போன் வாங்கிக் கொடுத்தாள். வந்தது வினை. முதியோர் இல்லத்தில் நாலு சிநேகிதர்கள் அடிக்கும் கூத்து என்று ஒரு காமெடிப் படம் எடுக்கப்போவதாக மறுநாளே அறிவித்தார். "உனுக்கு வெயிட்டான ரோல் சார்" என்று என்னிடம் தனியாக வந்து சொன்னார். வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். மூக்கில் பஞ்சை வைத்து, கழுத்தில் மாலையைப் போட்டு, சாப்பாட்டு மேஜைமேல் படுக்க வைத்துவிட்டார். சிநேகிதன் சொன்ன ஜோக்கைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே செத்துப்போனவனாம் நான். அந்த ஜோக்கையும் கேட்டேன். அதற்குச் சிரிப்பு வராது, சாவு வேண்டுமானால் வரும்.

காலையில் படுத்தவன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. கால் விரலைக் கொசு கடித்தது. ஆட்டினால், "பொணம் நடிக்குது! கட்!" என்று கத்தினார். ஒருவழியாக எல்லாம் முடிந்து எழுந்தால், "அப்டியே கேமராவப் பார்த்து ஒரு தபா சிரி சார்" என்றார்.

சினிமாக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். சிரிக்காமல் போனால் உயிருக்கே ஆகாதாம்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "சிரிக்கிற மாதிரி நீங்க ஏதாவது எடுத்திருந்தா சிரிச்சிருப்பேன்" என்று மாலையைக் கழற்றி வீசிவிட்டு அறைக்குப் போய்விட்டேன்.

விதியைப் பாருங்கள். அடுத்த வாரமே எனக்கு நெஞ்சு வலித்தது. இதயத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

அன்றிலிருந்து கட் சாருக்குப் பேய் பிடித்துக்கொண்டது. நான் பல் தேய்க்கும்போது போனை நீட்டிக்கொண்டு ஒரு ஜோக். மாத்திரை விழுங்கும்போது ஜோக். தொல்லை பொறுக்காமல் ஒருநாள் இளித்துக் காட்டினேன். போனை இறக்கிவிட்டார்.

"பல்லு தெரியுது, சிரிப்பு தெரியல. பொய்ச் சிரிப்பு செல்லாது சார். ஒன்மோர்."

"போய்யா, நீயும் உன் சாஸ்திரமும்!" என்று கதவைச் சாத்தினேன். கிரேஸ் டீச்சர்தான் பிறகு என்னிடம் வந்து, "அந்த மனுஷன் ஒழுங்கா சாப்பிடுறதுகூட இல்ல சார்" என்றார்.

ஆபரேஷன் அன்று ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் நெரிசலில் கார் நின்றபோதும் விடவில்லை. முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து ஜோக்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர்கூடச் சிரிக்கவில்லை. தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் எனக்குப் பச்சை அங்கியை மாட்டித் தள்ளிக்கொண்டு போனபோது, தியேட்டர் வாசலில் கையில் போனோடு குறுக்கே வந்து நின்றார்.

"ஓரமா போ பெருசு" என்றார் வண்டி தள்ளியவர்.

"ஒரே ஒரு ஷாட்டுப்பா... ஒரு ஊர்ல ஒரு..." என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. "இன்னாது அது... மறந்து பூட்ச்சே" என்றார். பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டார். "சிரிச்சுடு சார். உன் கால்ல வுழறேன், சிரிச்சுடு."

அப்போதுதான் கட் சார் போனைப் பார்த்தார். கேமரா அவர் பக்கமே திரும்பியிருந்தது. திரையில் அவர் முகம்தான் அழுதுகொண்டிருந்தது.

"யார்ரா இவன், ஓவர் ஆக்டிங் பண்ணிக்கினு... கட்! கட்!" என்று அழுதபடியே அதட்டினார்.

சிரித்தேன் ஐயா! வண்டி குலுங்கச் சிரித்தேன். நர்ஸ் திட்டத் திட்டச் சிரித்தேன். கதவு மூடியபிறகும் உள்ளே சிரிப்புச் சத்தம்தான். ஆனால் போனில் என் முகம் விழவில்லை. ஆபரேஷன் முடிகிறவரை கிரேஸ் டீச்சரை அவர் பிய்த்து எடுத்துவிட்டாராம். "சத்தம் மட்டும் வந்துகீது டீச்சர். செல்லுமா?"

"செல்லும் சார்" என்று டீச்சரும் கர்த்தரை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

நான் தேறி வந்தபின் படத்தை ஹாலில் போட்டார். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் அந்த அழுமூஞ்சி ஷாட்டும் பின்னால் என் சிரிப்பும் வந்தபோதுதான் ஹாலே அதிர்ந்தது. படத்தில் சிரிப்பு வந்த ஒரே இடம், அவர் எடுக்கத் தெரியாமல் எடுத்தது.

இந்த லட்சணத்தில் இப்போது இரண்டாம் பாகமாம். வேறு யாரும் படுக்கச் சம்மதிக்காததால் பிணமாக அவரே நடிக்கிறார். நாளைக்குக் காலையில் ஷூட்டிங். எனக்கு இந்தச் சினிமாச் சாஸ்திரங்களில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கேமராவை நான்தான் பிடிப்பேன். முதலில் சிரிக்கிற ஷாட், சாவதெல்லாம் அப்புறம்.